பொம்மையில் பழகினால் பிரசவம் பார்க்க வருமா?



போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி, கடன் வசூலை நோட்டில் ஏற்றி முடித்ததும் ஒரு உறுப்பினர் எழுந்தார். வீட்டுக்காரருக்குப் பட்டுத் தறி. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் சேர்க்க வேண்டும், குழுவில் உள்கடன் வேண்டும் என்று கேட்டார். கல்லூரியில் கொடுத்த கலர் நோட்டீசையும் எல்லோருக்கும் காட்டினார். அதில் கட்டில்மேல் ஒரு பொம்மை படுத்திருக்கிறது. சுற்றி நான்கு மாணவிகள் நிற்கிறார்கள். ஒருத்தி பொம்மையின் கையில் ஊசி போடுகிறாள்.

நோட்டீசை வாங்கிப் பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “ஏம்மா, பொம்மைய வச்சு வெளையாடிட்டு வந்தா பிரசவம் பாக்க வந்துடுமா? இதுக்கா இவ்ளோ பணம் கட்டணும்?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டு விடுகிற கேள்வி அல்ல. நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர்களும், நாம் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பிள்ளைகளும் இப்போது இப்படித்தான் படிக்கிறார்கள். அது நல்லதா, எந்த அளவுக்கு நல்லது, எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று விசாரித்து எழுதுகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

தறியை நினைத்துப் பாருங்கள்

கோர்வைச் சேலை நெய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கு இரண்டு நாடா. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். புதிதாகத் தறிக்கு வருகிற ஒருவரை முதல் நாளே முகூர்த்தச் சேலையில் உட்கார வைப்போமா? வைக்க மாட்டோம். இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம், தப்பாக ஓடிய ஊடையைப் பிரித்து எடுக்கலாம். அப்படி இருந்தும், ஜரிகை வீணாகுமே என்று பயப்படுகிறோம்.

மனித உடம்பில் பிரித்து நெய்ய முடியாது. ஆனாலும் நர்சும் டாக்டரும் ரொம்ப காலமாக நோயாளியின் உடம்பிலேயேதான் தொழில் பழகினார்கள். ஒருமுறை பார், ஒருமுறை செய், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடு என்பதுதான் பல ஆஸ்பத்திரிகளில் வழக்கம். முதல் தடவை செய்யும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தாங்கியது பெரும்பாலும் இலவச வார்டில் படுத்திருந்த ஏழைகளின் உடம்புதான். அந்த முதல் நடுக்கம் உயிருள்ள உடம்பின்மேல் வரக்கூடாது என்பதற்காகத்தான் பொம்மை வந்தது.

இது வெளிநாட்டுப் புது ஃபேஷனா?

இல்லை. நம் நாட்டு சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூலிலேயே இது இருக்கிறது. அறுவை பழகும் மாணவன் முதலில் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டிப் பழக வேண்டும். ஆள் உயரப் பொம்மையில் கட்டுப் போட்டுப் பழக வேண்டும் என்று அது சொல்கிறது. எத்தனை நூல் படித்தவனாக இருந்தாலும் கைப்பழக்கம் இல்லாவிட்டால் அவன் வேலைக்குத் தகுதியில்லை என்பதும் அதன் கருத்து.

இன்னொரு கதை உங்களுக்குப் பிடிக்கும். பிரான்ஸ் நாட்டில் து கூத்ரே என்று ஒரு மருத்துவச்சி அம்மா இருந்தார். 1759-ல் அந்த நாட்டு அரசர் பதினைந்தாம் லூயி, ஊர் ஊராகப் போய் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார். அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? அதனால் அவர் துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு தாயின் இடுப்பையும் ஒரு குழந்தையையும் தைத்தார். குழந்தை தலைகீழாக வந்தால் எப்படி, கால் முதலில் வந்தால் எப்படி என்று அந்தத் துணிப் பொம்மையிலேயே ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லிப் பழக்கினார். சுமார் 25 வருஷம் ஊர் ஊராகச் சுற்றி ஆயிரக்கணக்கான பெண்களைத் தயார் செய்தார். அந்தப் பொம்மை ஒன்று ரூவான் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஊசியும் நூலும் துணியும்தான் அந்தக் காலத்து உயர்ந்த தொழில்நுட்பம்!

அதற்கு இருநூறு வருஷம் கழித்து, 1960-ல், நார்வே நாட்டில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மை தயாரித்து வந்த லேர்டால் என்பவர் ஆள் உயரப் பொம்மை ஒன்று செய்தார். நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, நின்றுபோன மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் முதலுதவியைப் பழக அது பயன்பட்டது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் தொடங்கியது. அதில் வருகிற உதவியாளர்களும் இந்த முதலுதவியைப் பொம்மையில் அழுத்திப் பழகித்தான் வேலைக்கு வருகிறார்கள்.

இன்றைய பொம்மை என்ன செய்யும்?

பல வகை இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்து இயங்கும் பெரிய பொம்மைக்கு நாடி துடிக்கும், மூச்சு ஏறி இறங்கும், கண் சிமிட்டும். ஆசிரியர் அடுத்த அறையில் உட்கார்ந்து பி.பி.யைக் குறைப்பார், மாணவி என்ன செய்கிறாள் என்று பார்ப்பார். அதன் விலை லட்சக்கணக்கில் போகும்.

விலை குறைந்த பொம்மையும் உண்டு. நியோநாட்டலி என்று பிறந்த குழந்தை போல ஒன்று. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் நிஜக் குழந்தை போலவே கனக்கும், தலை தொங்கும். ஆசிரியர் கையில் உள்ள சிறு பந்தை அமுக்கினால் குழந்தை மூச்சு விடும், தொப்புள்கொடி துடிக்கும். மாமாநாட்டலி என்று இன்னொன்று. அதை ஆசிரியரே ஏப்ரன் போல வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். குழந்தை வரும், நஞ்சு வரும், ரத்தப்போக்கும் வரும். மாணவி ரத்தத்தை நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் வலியில் கத்துகிற “தாயிடம்” அன்பாகவும் பேச வேண்டும்.

இரண்டுக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் விலை கூடினால் படிப்பும் கூடும் என்று இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் ஒரு நிமிடம்

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்குத் தானாக மூச்சு வராது. கொஞ்சம் உதவி வேண்டும். உடனே துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் அழுதுவிடும். அப்படியும் அழாவிட்டால் முகத்தில் சின்ன மாஸ்க் வைத்து ஆம்பு பேக் என்ற பையை அமுக்கி நுரையீரலுக்குக் காற்று கொடுக்க வேண்டும். இதெல்லாம் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். இதைத் தங்க நிமிடம் என்று சொல்வார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவது கூடாது.

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு? இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் பாதி நிமிடம் ஓடிவிடும். அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியாது. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, தலை சரியான சாய்வில் இருக்கிறதா, நெஞ்சு எழும்புகிறதா என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் தனியாக இருக்கும் நர்சுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் இப்படி ஒரு குழந்தை வரும். அப்படியானால் அவர் எங்கே பழகுவார்? பொம்மையிடம்தான் பழக முடியும்.

இதற்காகவே 2009-ல் மத்திய அரசு நவஜாத் சிசு சுரக்ஷா என்ற பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம், 2010-ல், குழந்தைகளை மூச்சுவிட வைப்போம் என்ற பெயரில் உலகம் முழுவதும் ஒரு பயிற்சி தொடங்கியது. 2015-ல் டெல்லியில் தக்ஷ் என்ற தேசியத் திறன் பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. 2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை மாற்றியபோது, பொம்மையில் பழகும் நேரத்தையும் பாடத்தில் சேர்த்தது. எனவே நோட்டீசில் இருந்த படம் வெறும் விளம்பரம் அல்ல, அது பாடத்தில் ஒரு பகுதி.

பலன் உண்டா?

கர்நாடகாவில் பெல்காம் பகுதியில் (இப்போது பெலகாவி) ஒரு ஆய்வு நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பிரசவம் பார்க்கும் 599 பேருக்கு இந்தப் பொம்மைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்கு முன்னால் நூறு பிரசவத்தில் மூன்று குழந்தை செத்துப் பிறந்தது. பயிற்சிக்குப் பின்னால் 2.3 ஆகக் குறைந்தது. அதிலும், பிரசவ நேரம் வரை வயிற்றில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய குழந்தைகளின் கணக்கு நூறுக்கு 1.7-லிருந்து 0.9 ஆனது. அதாவது கிட்டத்தட்டப் பாதி. இது 2013-ல் வெளிவந்தது.

பொம்மைப் பயிற்சியால் செத்துப் பிறப்பது எப்படிக் குறையும்? யோசித்துப் பாருங்கள். செத்துப் பிறந்தது என்று எழுதப்பட்ட குழந்தைகளில் சில உண்மையில் சாகவில்லை. மூச்சு எடுக்கத் தெரியாமல் நீலம் பாரித்துக் கிடந்தன. அதற்குக் காற்று கொடுக்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லை.

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னபோது, முதலில் சிரித்துக் கேள்வி கேட்ட அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “என் மூத்தது வீட்டுலதான் பொறந்துச்சு. அழவே இல்ல. செத்துப் பொறந்துச்சுன்னு துணில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்போ… அது உசுரோட இருந்திருக்குமா?”

“தெரியலம்மா” என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அதுதான் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் பொம்மையைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

பொம்மை வாங்கினால் மட்டும் போதுமா?

போதாது. இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதிதான்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹைடம் என்ற ஊரில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. 2010-ல் அங்கே பிரசவ அறை ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தபோது பொம்மையிடம் நன்றாகவே செய்தார்கள். ஆனால் நிஜப் பிரசவத்தில் பழைய வழக்கம் மாறவில்லை. பயிற்சி பொம்மையோடு நின்றுவிட்டது.

2011-ல் முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்தார்கள். வாரா வாரம் மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதம் ஒருமுறை 40 நிமிடம் என்று வேலை நேரத்திலேயே பழகினார்கள். பொம்மை மாறவில்லை, ஆட்களும் அவர்களேதான். இந்த முறை பலன் கிடைத்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள்.

நமக்கும் இது தெரிந்ததுதானே! கூட்டமைப்பில் ஒரு நாள் கணக்குப் புத்தகப் பயிற்சி கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். மாதா மாதம் பேரேடு எழுதும் ஊக்குநருக்கு அது மறப்பதில்லை. நோட்டைத் தொடாதவருக்கு அடுத்த மாதமே மறந்துவிடுகிறது. கணக்கில் மறந்தால் திருத்தி எழுதலாம்.

கண் ஆபரேஷனிலும் இதே பாடம்

நுணுக்கமாக நெய்து நெய்து கண் மங்கியவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். வயசானால் புரை ஆபரேஷன் வரும். புதிதாகப் பழகும் டாக்டர் கண்ணுக்குள் லென்ஸ் பையைக் கிழித்துவிட்டால் சிக்கல். இப்போது இதைப் பழக ஒரு கருவி இருக்கிறது. டாக்டர் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பார். கம்ப்யூட்டர் காட்டும் கண்ணுக்குள் கையால் வேலை செய்வார். எங்கே தப்பு என்று அது மார்க் போடும். பிரிட்டனில் இந்தக் கருவியில் பழகும் முறை பரவிய காலத்தில் கணக்கெடுத்தார்கள். முதல் இரண்டு வருஷப் பயிற்சி டாக்டர்கள் செய்த ஆபரேஷன்களில் பை கிழிவது 2009-ல் நூறுக்கு 4.2, 2015-ல் 2.6.

தலையில் பெரிய கண்ணாடி போல மாட்டிக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் நிற்பது போலவே பார்த்துப் படிக்கும் கருவியும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எந்தக் கருவியாலும் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் அனுபவத்தைக் கொடுக்க முடியாது. பயந்த முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்வது, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பாட்டியின் முகத்தைப் படிப்பது எல்லாம் வார்டில் நின்றால்தான் வரும். முதலில் பொம்மையிடம் பழக வேண்டும், பிறகு பெரியவர்கள் பக்கத்தில் நிற்க நோயாளியிடம் பழக வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் படிப்பு அரைகுறைதான்.

மகளைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

கடன் கேட்ட உறுப்பினரோடு நானும் ஊக்குநரும் இரண்டு கல்லூரிகளுக்குப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் பொம்மை நன்றாக இருந்தது. ஆனால் மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை! “இன்ஸ்பெக்ஷன் வரும்போது எடுப்போம்” என்று அங்கே இருந்த பெண்ணே வெகுளியாகச் சொல்லிவிட்டார். இன்னொன்றில் பொம்மை பழசு, கையில் ஊசி குத்திக் குத்தி ஓட்டை. ஆனால் நாங்கள் போனபோது ஆறு மாணவிகள் அதைச் சுற்றி நின்று பழகிக்கொண்டிருந்தார்கள். எது நல்லது என்று நான் சொல்ல வேண்டுமா?

நீங்களும் கேளுங்கள்:

1. எந்தப் படிப்பு, எத்தனை வருஷம்? ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று சான்றிதழ் கொடுத்தால், அதை வைத்து நர்சாகப் பதிவு செய்ய முடியாது. ஏமாந்துவிடாதீர்கள்.

2. அங்கீகாரம் இருக்கிறதா? தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். பி.எஸ்சி. என்றால் எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும் என்றும் கேளுங்கள்.

3. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? அங்கே நிஜமாகவே நோயாளிகள் வருகிறார்களா? பிரசவம் நடக்கிறதா? ஒரு நடை போய்ப் பாருங்கள்.

4. ஸ்கில் லேப் எங்கே? ஒரு பொம்மைக்கு எத்தனை மாணவிகள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சாவி யாரிடம் இருக்கிறது? மாணவி கேட்டால் திறந்து விடுவார்களா?

5. மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு மாணவியிடம் தனியாகக் கேளுங்கள்: “நீ உன் கையால ஆம்பு பேக் அமுக்கிப் பழகியிருக்கியா? கடைசியா எப்போ?” பதிலிலேயே தெரிந்துவிடும்.

நம் குழுக்கள் என்ன செய்யலாம்?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். ஆக, மருத்துவப் பயிற்சி என்பது நர்சுக்கும் டாக்டருக்கும் மட்டும் உரியதல்ல, நமக்கும் உரியது. பி.பி. பார்க்கும் மெஷின் கையில் இருந்தால் மட்டும் அளவு சரியாக வந்துவிடாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, சட்டைக் கையை ஒதுக்கிவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியாக வரும். இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒருவருக்கொருவர் பார்த்துப் பழகுங்கள்.

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நர்சம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “பழகுற பொம்மை இங்க இருக்குதா மேடம்? பழக நேரம் கிடைக்குதா?” இது குறை சொல்லும் கேள்வி அல்ல. பொம்மை இல்லை என்றால், நேரம் கொடுப்பதில்லை என்றால், கிராமத்தில் இருப்பவர்கள் அதைக் கிராம சபையில் எழுப்பலாம். நர்சுக்குப் பழக நேரம் கேட்பது நம் மகளின் பிரசவத்துக்குக் கேட்பதுதான்.

கடைசியாக, அந்த உள்கடன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது கல்லூரியில் சேர்க்கிறோம் என்று சொன்னதும் குழு முதல் வருஷக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குக் கடன் கொடுக்க ஒருமனதாகத் தீர்மானம் எழுதியது. முன்மொழிந்தவர் அந்த மூத்த உறுப்பினர். கைநாட்டு வைக்காமல், நாம் கற்றுக்கொடுத்தபடி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். எழுதிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லா அமுக்கிப் பழகுடி கண்ணு. கை மறக்கக் கூடாது.”

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள். உங்கள் குழுவில் நர்சிங் படிக்கும் பிள்ளை இருந்தால் அவளையும் கூப்பிடுங்கள். அவள் பொம்மையில் என்னென்ன பழகினாள் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்டு எழுதி கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். செய்திமடலில் போடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்